இன்ஸ்டாகிராம் ‘ஹிட்டன் வேர்ட்ஸ்’: 14 மாதம் பயன்படுத்திய ஆரி தையல்காரியின் அனுபவம்

சென்னை அயனாவரத்தில் வீட்டு முன்னறையில் ஆரி வேலை, அதாவது கொக்கி ஊசியால் துணியில் போடும் பூவேலை, செய்கிறேன். கல்யாண பிளவுஸ், குழந்தைகளுக்குப் பாவாடை சட்டை, எப்போதாவது புடவை முந்தானை. தைப்பதை வீடியோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போட ஆரம்பித்து மூன்று வருஷத்துக்கு மேல் ஆகிறது. வீடியோவில் என் முகம் வராது. ஃபிரேமில் இழுத்துக் கட்டிய துணி, ஊசி, என் இரண்டு கை, அவ்வளவுதான் தெரியும். அந்தக் கையில் வெண்புள்ளி இருக்கிறது. வலது கையில் விரல் நுனியிலிருந்து மணிக்கட்டு வரை, இடது கையில் கட்டைவிரலைச் சுற்றி.

இதைச் சொல்லாமல், நாம் குறித்துக் கொடுக்கும் வார்த்தைகள் உள்ள கமென்ட்டை மறைக்கும் இந்த வசதியைப் பற்றி நான் எழுத முடியாது. ஏனென்றால் இதற்காகத்தான் அதை நான் தேடிப் போனேன்.

எனக்கு 27 வயதில் வந்தது. தோலுக்கு நிறம் கொடுக்கும் செல்கள் அந்த இடத்தில் அழிந்துபோகின்றன. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே அவற்றை எதிரி என்று நினைத்துத் தாக்குகிறது என்று கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனையில் தோல் மருத்துவர் விளக்கினார். தொட்டால் ஒட்டாது. துணி வழியாகவும் ஒட்டாது. தொழுநோய்க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் ஊரில் வெகுகாலமாக இதற்கு வழங்கிவந்த பெயர் வெண்குஷ்டம். பெயரிலேயே பயத்தை வைத்துவிட்டார்கள். ஜூன் 25-ஐ உலக வெண்புள்ளி நாளாக 2011-லிருந்து கடைப்பிடிக்கிறார்கள். அந்தப் பழைய பெயர் மட்டும் இன்னும் பல வீடுகளில் போகவில்லை.

முதல் இரண்டு வருஷம் ஒரு தொந்தரவும் இல்லை. என் பக்கத்தைப் பார்த்தவர்கள் பெரும்பாலும் என்னிடம் தைத்தவர்கள், அவர்களுடைய சொந்தக்காரர்கள். பிறகு ஒரு தை மாதம், மயில் கழுத்து நிறப் பட்டில் சர்தோசி என்ற சரிகைக் கம்பி வைத்து மயில் போட்ட வீடியோ ஒன்று எங்கெங்கோ போய்விட்டது. மூன்று நாளில் நாலு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். ஆர்டர் வரும் என்று சந்தோஷமாக கமென்ட்டைத் திறந்தேன்.

“துணிய பார்க்கறதா, கைய பார்க்கறதா?” “இவங்க தைச்சத போட்டா நமக்கும் வந்துடும்.” ஒருவர் ஒன்றும் எழுதாமல் சோப்பு எமோஜி மட்டும் போட்டிருந்தார். அதன் கீழே அடுத்தவர் ஒரு சோப்பு. அதற்கும் கீழே இன்னொன்று. வரிசையாக நாற்பதுக்கு மேல் சோப்பு. யார் யாரோ, ஒருவரையொருவர் தெரியாதவர்கள், ஒரே விளையாட்டில் சேர்ந்துகொண்டது போல. திட்டியவர்களைவிட என்னை அதிகம் நோகடித்தது ஒரு மரியாதையான கமென்ட்: “கிளவுஸ் போட்டுகிட்டு தைக்கலாமே அக்கா.”

நான் கிளவுஸ் வாங்கினேன். இரண்டு நாள் போட்டுத் தைத்தும் பார்த்தேன். ஆரி வேலை தெரிந்தவர்களுக்குப் புரியும். ஒரு கை மேலே ஊசியைப் பிடிக்கும். இன்னொரு கை ஃபிரேமுக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல், நூலைக் கொக்கியில் மாட்டிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அந்தக் கைக்கு விரல் நுனிதான் கண். ரப்பர் போட்டால் நூல் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரியாது. ஒரு பூ முடிவதற்குள் ஏழு இடத்தில் நூல் அறுந்தது. கிளவுஸைக் கழற்றிவிட்டு அழுதேன். அதே வாரம் ஒரு கல்யாணப் பெண்ணின் அம்மா அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கொடுத்துவிட்டேன்.

அந்த நாட்களில் ராத்திரி ஒரு மணி வரை கமென்ட்டையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருப்பேன். அழித்தால் புதிதாக வரும், வந்ததைப் படிக்காமல் அழிக்க முடியாது. பதினோராம் வகுப்பு படிக்கும் என் மகள் ஒரு ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்து வந்தவள் பார்த்துவிட்டாள். “ஏம்மா தூங்காம இதையே படிச்சிட்டு இருக்க? போனக் குடு” என்றாள். அவள்தான் ‘ஹிட்டன் வேர்ட்ஸ்’ என்று ஒன்று இருப்பதைக் காட்டினாள்.

செட்டிங்ஸுக்குள் இருக்கிறது. 2021-ல் கொண்டுவந்த வசதி. அதில் கமென்ட்டுக்கு ஒன்று, முன்பின் தெரியாதவர்கள் அனுப்பும் மெசேஜ் ரெக்வஸ்ட்டுக்கு ஒன்று என்று தனித்தனியாகப் பொத்தான் உண்டு. அவர்களே வைத்திருக்கும் பட்டியல் ஒன்று பின்னால் வேலை செய்யும். அதற்கு மேல் நாமே நமக்கென்று வார்த்தை, சொற்றொடர், எமோஜி எல்லாவற்றையும் காற்புள்ளி போட்டுச் சேர்த்துக்கொள்ளலாம். அந்த வார்த்தை உள்ள கமென்ட் தனியாக ஒரு மறைவிடத்துக்குப் போய்விடும். மெசேஜ் தனிப் பெட்டிக்குப் போகும். வேண்டுமென்றால் திறந்து பார்க்கலாம், வேண்டாமென்றால் விட்டுவிடலாம். காசு கிடையாது.

வசதி சுலபம்தான், முதல் அரைமணி நேரம்தான் கஷ்டம். நம்மைக் குத்திய வார்த்தைகளை நாமே உட்கார்ந்து பட்டியல் போட வேண்டும். “நீ சொல்லு, நான் டைப் பண்றேன்” என்று மகள் போனை வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தாள். முதல் வார்த்தை சொன்னேன். இரண்டாவது சொன்னேன். மூன்றாவதைப் பெற்ற பெண்ணின் முன்னால் வாயால் சொல்ல எனக்கு வரவில்லை. அவள் என் முகத்தைப் பார்த்தாள். “நீ போய் அடுப்பப் பாரும்மா. நான் கமென்ட்டப் பார்த்தே எழுதிக்கறேன்” என்றாள். நான் சமையலறையில் நின்று ரசத்துக்குப் புளி கரைத்தேன். அவள் கூடத்தில் என்னைப் பற்றி எழுதியதையெல்லாம் ஒன்று விடாமல் படித்துக்கொண்டிருந்தாள். பதினாறு வயசுப் பெண் அதைப் படித்திருக்க வேண்டாம். இன்றைக்கும் எனக்கு அது ஒரு பாரம்தான். இதைப் படிக்கிற உங்களுக்கு அந்த நிலை வந்தால் அக்கா, தங்கை, சிநேகிதி என்று வயதில் பெரியவர் ஒருவரிடம் போனைக் கொடுங்கள். தனியாகவும் செய்யாதீர்கள், குழந்தையிடமும் கொடுக்காதீர்கள்.

தமிழில் எழுதியதைப் பிடிப்பது சுலபம். நம் ஆட்கள் இங்கிலீஷ் எழுத்தில்தான் தமிழை எழுதுகிறார்கள். குஷ்டம் என்ற ஒரு வார்த்தையை மகள் எட்டு விதமாகச் சேர்த்தாள். எஸ் போட்டு, எஸ்எச் போட்டு, ஒரு டி, இரண்டு டி, டி-க்குப் பக்கத்தில் எச் என்று. ஒன்பதாவது விதத்தில் எவரோ எழுதுவார், அதையும் சேர்ப்போம். பிறகு சோப்பு எமோஜி. கிளவுஸ் எமோஜி. வாந்தி எடுக்கும் முகம். சோப்பைச் சேர்த்த அன்று ராத்திரி என் வீடியோவின் கீழே இருந்த அந்த வரிசை முழுக்கக் காணாமல் போனது. கீழே இரண்டு மாதத்துக்கு முந்தைய கேள்வி ஒன்று தெரிந்தது: “இந்த பீட்ஸ் எங்க கிடைக்கும் அக்கா?” சௌகார்பேட்டையில் கிடைக்கும் என்று பதில் போட்டேன். அன்றைக்குத்தான் தூங்கினேன்.

தூக்கம் என்றதும் ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்கு முன் ஒரு ராத்திரி, மனசு ரொம்பக் கெட்டுப்போன நேரத்தில், 14416-க்குப் போன் செய்தேன். டெலி மானஸ் என்று மத்திய அரசு 2022 அக்டோபர் 10-ல் தொடங்கிய மனநல உதவி எண். எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை. பேசிய பெண் எனக்குப் பெரிதாக ஒன்றும் உபதேசம் செய்யவில்லை. சொல்லி முடிக்கும் வரை கேட்டார். கடைசியில், போனைப் படுக்கையறைக்கு வெளியே வைத்துவிட்டுப் படுக்க முடியுமா என்று கேட்டார். அன்றிலிருந்து ஒன்பது மணிக்கு என் போன் சமையலறையில் அரிசி டப்பா மேல் போய் உட்கார்ந்துவிடும்.

தெரியாதவர்களுக்கு இந்தப் பட்டியல் போதும். சொந்தக்காரர்களுக்குப் போதாது. கணவரின் ஒன்றுவிட்ட அண்ணன் ஒருவர் இருக்கிறார், நான் மாமா என்று கூப்பிடுவேன். நல்ல நாளுக்கு வீட்டுக்கு வந்து போகிறவர். அவர் என் வீடியோவின் கீழே, எல்லோரும் படிக்கும்படி, “தம்பி, கைய காட்டி வீடியோ போட வேணாம்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லு. குடும்ப மானம் போகுது” என்று எழுதினார். இதில் எந்த வார்த்தையைப் பட்டியலில் சேர்ப்பது? மானம் என்பதையா, குடும்பம் என்பதையா?

அவருக்குத்தான் ‘ரெஸ்ட்ரிக்ட்’. 2019-ல் வந்தது. பிளாக் செய்தால் அவருக்குத் தெரிந்துவிடும், அடுத்த வளைகாப்பில் அதுதான் பேச்சாக இருக்கும். ரெஸ்ட்ரிக்ட் செய்தால் அவருக்குத் தகவல் போகாது. அவர் எழுதும் கமென்ட் அவர் கண்ணுக்கு மட்டும் தெரியும். நான் அனுமதித்தால்தான் மற்றவர்களுக்குத் தெரியும். மெசேஜ் அனுப்பினால் ரெக்வஸ்ட் பெட்டிக்குப் போகும், நான் படித்தேனா என்பது அவருக்குத் தெரியாது. பள்ளிக்கூடத்தில் கூடப் படிக்கிறவனே கொடுமை செய்யும்போது, பிளாக் செய்தால் அவன் இன்னும் சீறுவான் என்று பயப்படும் பிள்ளைகளுக்காகச் செய்த வசதி இது. நம் ஊர்க் குடும்பங்களுக்கு அளவெடுத்துத் தைத்தது போல் இருக்கிறது.

ஆனால் எனக்கு உறுத்தியது. அவர் எழுதிக்கொண்டே இருப்பார், ஊர் படிக்கிறது என்று நினைப்பார், ஒருவரும் படிக்கமாட்டார்கள். பெரியவரை ஏமாற்றுவது போல் இருந்தது. கணவரிடம் சொன்னேன். அவர் அன்று சாயந்திரமே போன் போட்டார். “அண்ணே, அவ கைதான் எங்க வீட்டு வாடகைய கட்டுது. அந்தக் கைய மறைக்கச் சொல்லாதீங்க” என்றார். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. பிறகு வேறு விஷயம் பேசினார்களாம். மாமா அதன் பிறகு எதுவும் எழுதவில்லை. நான் ரெஸ்ட்ரிக்ட்டை எடுத்துவிட்டேன். பேசித் தீர்க்க ஆள் இல்லாதவர்கள் எடுக்க வேண்டியதில்லை.

‘லிமிட்ஸ்’ என்றும் ஒன்று உண்டு. நம்மைப் பின்தொடராதவர்கள், இப்போதுதான் புதிதாகப் பின்தொடர்பவர்கள் எழுதுவதைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்திவைக்கலாம். வீடியோ எக்கச்சக்கமாகப் பரவும் நாளில் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் உதவும். என்னைப் போல் வியாபாரம் செய்பவர்களுக்கு ஒத்துவராது, ஏனென்றால் விலை கேட்டு வருபவரும் அந்தப் புதியவர்தான். நான் இரண்டு நாள் வைத்துவிட்டு எடுத்தேன்.

இன்னொரு செயலியிலும் கணக்கு வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். அங்கே அதே சோப்புக் கமென்ட்டுகளில் 17-ஐப் புகார் செய்தேன். விதிமீறல் இல்லை என்று 17-க்கும் ஒரே பதில் வந்தது. சோப்பு படத்தில் விதிமீறல் என்ன இருக்கும், சரிதான். எந்தக் கைக்குக் கீழே போட்டார்கள் என்பதை அவர்கள் பார்க்கவில்லை. அந்தக் கணக்கை மூடிவிட்டேன்.

இப்போது எச்சரிக்கையாக ஒன்று. மிரட்டல் வார்த்தைகளை மறைக்கும் பட்டியலில் சேர்க்காதீர்கள். ஐப்பசி மாதம் எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. எங்கள் தெருமுனைக் கோயிலை அடையாளம் சொல்லி, அந்த வழியாக நான் எத்தனை மணிக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தது. அது மறைந்துபோயிருந்தால் எனக்குத் தெரியாமலே இருந்திருக்கும். வசவு வேறு, இது வேறு. அழிக்கவில்லை, பதிலும் போடவில்லை. முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்தோம். தேதி, நேரம் தெரிகிற மாதிரி. அந்தக் கணக்கின் முகவரியையும் காப்பி செய்து வைத்தோம், ஏனென்றால் பெயரை அவர்கள் எப்போது வேண்டுமானாலும் மாற்றிவிடலாம். பிறகுதான் பிளாக். பிளாக் செய்யும்போது, அதே ஆள் வைத்திருக்கும் வேறு கணக்குகளையும் புதிதாகத் தொடங்கும் கணக்குகளையும் சேர்த்துத் தடுக்கவா என்று கேட்கும், அதைத் தேர்ந்தெடுங்கள். மத்திய அரசின் சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் புகார் பதிந்து, அச்சு எடுத்துக்கொண்டு கணவரோடு காவல் நிலையம் போனேன்.

அங்கே இருந்த பெண் காவலர் ஒருவர் பொறுமையாக விளக்கினார். இணைய மோசடியில் பணம் பறிபோனால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் 1930 என்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும், இது போன்றதற்குப் புகார் எழுதித் தர வேண்டும் என்றார். யாரோ என்னிடம் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவில் புகார் கொடு என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அந்தப் பிரிவை உச்ச நீதிமன்றம் 2015 மார்ச் 24 அன்றே ரத்து செய்துவிட்டது. மனசு புண்படுகிறது என்பதற்காக மட்டும் யாரையும் பிடிக்க முடியாது, அது ஒரு வகையில் நல்லதுதான் என்று இப்போது எனக்கும் தோன்றுகிறது. ஆனால் மிரட்டுவதும், ஒரு பெண்ணை விடாமல் பின்தொடர்ந்து நோட்டம் விடுவதும் குற்றம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டத்தில் 351-ம் 78-ம் அதற்கான பிரிவுகள். அந்தக் கணக்கிலிருந்து பிறகு ஒன்றும் வரவில்லை.

எங்கள் தையல் குழு வாட்ஸ்அப்பில் ஒரு சகோதரி என் வீடியோவின் சோப்பு வரிசையை ஸ்கிரீன்ஷாட் எடுத்துச் சிரிக்கும் முகத்தோடு போட்டார். கேட்டதற்கு, “நான் எழுதலையே, ஃபார்வர்ட்தானே பண்ணேன்” என்றார். 2018-ல் பெண் பத்திரிகையாளர்களை இழிவுபடுத்தும் ஒரு பதிவைப் பகிர்ந்தவர், அதைப் படிக்காமலே பகிர்ந்துவிட்டதாகச் சொல்லி வழக்கை ரத்து செய்யக் கேட்டார். 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அனுப்பியவரும் பொறுப்பு. அந்தச் சகோதரிக்கு இதை நான் சண்டையாகச் சொல்லவில்லை, தனியாகப் போன் செய்து சொன்னேன். அழித்துவிட்டார்.

இனி, ‘ஹிட்டன் வேர்ட்ஸ்’ வசதிக்கு நான் ஐந்துக்கு நான்கு மட்டும் கொடுப்பதற்கான காரணம். தவறு என் பட்டியலில்தான்.

வெண்குஷ்டம் என்ற வார்த்தையையும், ஒட்டுமா என்ற வார்த்தையையும் முதல் நாளே சேர்த்திருந்தோம். இரண்டு மாதம் மறைந்தவை பக்கமே நான் போகவில்லை. போகக் கூடாது என்று மகளும் சொல்லியிருந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆர்டர் மெசேஜ் ஒன்றைக் காணோம் என்று தேடப் போய் மறைந்த ரெக்வஸ்ட் பெட்டியைத் திறந்தேன். 11 நாளுக்கு முந்தைய மெசேஜ் ஒன்று இருந்தது.

“என் பொண்ணுக்கு 8 வயசு சிஸ்டர். முட்டில வெண்குஷ்டம் இருக்கு. ஸ்கூல்ல பக்கத்துல உட்கார மாட்டேங்கறாங்க. ஒட்டுமான்னு டீச்சரே கேட்கறாங்க. உங்க வீடியோ பார்த்துட்டு, இந்த ஆன்ட்டி கை என் முட்டி மாதிரி இருக்கேன்னு சொன்னா. முதல் தடவ சிரிச்சா. எங்க காட்டறீங்கன்னு சொல்வீங்களா?”

பதினோரு நாள். அந்த அம்மா ஒவ்வொரு நாளும் பதில் வந்ததா என்று பார்த்திருப்பார். நானும் ஒதுக்கிவிட்டேன் என்றுதான் நினைத்திருப்பார். கை நடுங்க டைப் செய்தேன், எழுத முடியவில்லை, போன் நம்பர் அனுப்பிப் பேசினேன்.

அன்று மாலையே அந்த இரண்டு வார்த்தையையும் எடுத்தோம். கொடூரமாக எழுதுபவரும் தெரியாமல் கேட்பவரும் அதே வார்த்தையைத்தான் எழுதுகிறார்கள். மெஷினுக்கு இரண்டும் ஒன்று. ஒட்டுமா என்று கேட்பவர் அறியாமல் கேட்கிறார், அவருக்குப் பதில் சொல்ல என்னால் முடியும். சொல்கிறேன், ஒரு நாளைக்கு மூன்று தடவைகூட. சோப்பு போடுகிறவருக்குப் பதில் இல்லை. இப்போது பட்டியலில் எமோஜிகளும், இங்கிலீஷ் எழுத்தில் வரும் வசவுகளும், சில முழுச் சொற்றொடர்களும் மட்டும் இருக்கின்றன. ஞாயிறு காலை பத்து மணிக்கு, வெளிச்சத்தில், காபியோடு, நானும் என் ஓரகத்தியும் சேர்ந்து மறைந்த பெட்டியைத் திறப்போம். அவர் படிப்பார். எனக்குத் தேவையானதை மட்டும் சத்தமாகச் சொல்வார்.

அந்தக் குழந்தை தன் அம்மாவோடு வீட்டுக்கு வந்தது. ஆண்டுவிழாவுக்குப் பாவாடை சட்டை. ஃபிரேமுக்கு அடியில் என் கை என்ன செய்கிறது என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தது. “தொடலாமா ஆன்ட்டி?” என்று கேட்டது. நூலைக் கையில் கொடுத்தேன். முதல் சங்கிலித் தையல் கோணலாக வந்தது, அதைப் பிரிக்காமல் உள்பக்க மடிப்பில் அப்படியே விட்டுத் தைத்துக் கொடுத்தேன்.

போன ஞாயிற்றுக்கிழமை பெட்டியில் ஆறு இருந்தன. ஐந்து, வெறும் சோப்பு. ஆறாவது, கத்தரிப்பூ நிறப் பட்டு பிளவுஸை சோப்பு போட்டுத் துவைக்கலாமா என்று சோப்பு எமோஜியோடு கேட்டிருந்த ஒரு வாடிக்கையாளர். வேண்டாம், சர்தோசி கருத்துவிடும், டிரை வாஷ் கொடுங்கள் என்று பதில் எழுதினேன்.